இரண்டாம் பாதியின் மை

1

இந்தக் கதை இரண்டு மைகளிலிருந்து வந்தது. முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

சாக்சனியில், எர்லன்ரோடா அரண்மனை நூலகத்தில் வாரம் ஒருமுறை ஈரப்பதம் அளப்பது என் வேலை. பத்தொன்பது வருடங்களாகச் செய்கிறேன். சென்ற நவம்பரில் பன்னிரண்டாவது அலமாரியின் அளவு கூடியிருந்தது. காரணம் தேடிக் கட்டுகளை வெளியே எடுத்தேன். ஒரு கட்டில் புல்லாங்குழலுக்கும் அதற்கு அடியில் துணை வரும் கீழ்க்குரலுக்குமான சொனாட்டா ஒன்று இருந்தது. வருடம் 1741. குழலுக்கான தாள் மட்டும் முழுசாக இருந்தது.

மெது, வேகம், மெது, வேகம் என்று நான்கு பகுதிகள். மூன்றாவது பகுதிக்கு இரண்டு பாதிகள். ஒவ்வொரு பாதியையும் இருமுறை ஊத வேண்டும். முதல் பாதியில் சுரங்கள் கறுப்பு மையில் தள்ளித் தள்ளி நிற்கின்றன, சந்தை கலைந்த பின் நிற்கும் கம்பங்கள் போல. தாளைத் திருப்பினால் இரண்டாம் பாதி. அங்கும் அதே கம்பங்கள். ஆனால் அவற்றின் நடுவே பழுப்பு மையில் பொடிச் சுரங்கள். எண்ணத் தொடங்கி இருநூறில் நிறுத்திக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் மெதுவான பகுதியை இயற்றுபவர் எலும்பாகத்தான் எழுதுவார். சதை வைப்பது ஊதுபவரின் வேலை. முதல் முறை எழுதியபடி, மறுமுறை தன்னுடையதாக. கமகம் இல்லாத தோடியைக் கற்பனை செய்யக் கூசுபவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். எழுதியதையே இருமுறை ஊதினால், ஊதியவனுக்கு ஒன்றும் தெரியாது என்று பொருள். அலங்காரத்தை எல்லாம் எழுதியே கொடுத்தால், உனக்கு ஒன்றும் தெரியாது என்று அவனிடம் சொல்வதாகப் பொருள். இரண்டுமே அவமானம்.

இந்தத் தாளின் ஒரு பக்கத்தில் முதல் அவமானத்துக்கு இடம் இருக்கிறது. மறுபக்கத்தில் இரண்டாவது நடந்தே முடிந்திருக்கிறது.

2

தொடக்கங்கள்:

“1741 செப்டம்பர் மாதத்து ஒரு வியாழக்கிழமை, டோபியாஸ் லென்க் கண்ணாடி முன் நின்று தன் முன்பல்லை விரலால்—”

(நிறுத்தினேன். பல்லில் தொடங்கினால் வாசகர் இரக்கப்படுவார். இது இரக்கத்துக்கான கதை இல்லை.)

“கலை என்பது எழுதப்பட்டதா, எழுதப்படாததா என்ற கேள்வி—”

(இல்லை.)

“யுஸ்டீனா வீர்ட் அன்று காலை இரண்டு தாள்களைப் பிரதி எடுத்து முடித்திருந்தாள். இரண்டாவது தாளில் மை உலர்வதற்குள் கதவு தட்டப்பட்டது.”

இது பரவாயில்லை. ஆனால் தட்டுபவன் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

3

டோபியாஸ் லென்க், வயது நாற்பத்து மூன்று. ஊர்க் கோபுரத்தில் கொம்பு ஊதுபவன். தினமும் காலை பத்து மணிக்கு நான்கு பேர் தேவாலயக் கோபுரத்தில் ஏறி நான்கு திசைக்கும் ஒரு துதிப்பாடலை ஊதுவார்கள். கீழே சந்தை, வண்டிகள், வாத்துகள். இத்தனை இரைச்சலைத் தாண்டிப் பாட்டு சிதறாமல் கீழே போய்ச் சேர வேண்டுமென்றால் நால்வரும் எழுதியதை மட்டும் ஊத வேண்டும். ஒரு சுரம் கூட்டி ஊதியவன் அன்று மற்ற மூவருக்கும் பீர் வாங்கித் தர வேண்டும் என்பது அவர்கள் சங்கத்தின் விதி. இருபத்திரண்டு வருடத்தில் டோபியாஸ் ஒரு குவளைகூட வாங்கித் தந்ததில்லை. கஞ்சன் என்று கேலி செய்வார்கள். அவன் அதைப் பதக்கம் போல அணிந்திருந்தான்.

பல்லைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். முன்பற்கள் இரண்டு ஆடுகின்றன. கொம்பின் வாய் உதட்டோடு சேர்ந்து பல்லிலும் அழுந்தும். பல் போனால் கொம்பு போகும். குறுக்காகப் பிடிக்கும் குழலுக்கு அவ்வளவு அழுத்தம் தேவையில்லை. உதட்டை வைத்துச் சமாளிக்கலாம். எட்டு வருடமாக வீட்டில் குழல் பழகியிருக்கிறான். அரண்மனையில் குழல்காரரின் நாற்காலி காலியாகியிருக்கிறது. அதற்கான தேர்வு இன்று மூன்று மணிக்கு. கிடைக்காவிட்டால் கோபுரத்தில் நெருப்புக் காவல் பார்க்கலாம், கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கலாம். ஊத முடியாது. ஊதாத டோபியாஸ் லென்க் யார் என்று அவனுக்கே தெரியாது.

தேர்வுக்கு வருபவர் இருவர்: இவன், டிரெஸ்டனிலிருந்து இன்னொருவர். இருவருக்கும் ஒரே புதுச் சொனாட்டா, ஆளுக்கொரு தாள். காலையில் ஒரு மணி நேரம் பார்க்கலாம். பிறகு தாளைப் பிரதிக்காரியிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், தேர்வில்தான் மீண்டும் கைக்கு வரும். வெளியாரிடம் உதவி வாங்கக் கூடாதல்லவா.

[இந்த விதியை நான் கண்டுபிடித்தேன். கதைக்கு வேண்டியிருந்தது. மற்றதெல்லாம்கூட நான் கண்டுபிடித்ததுதான், ஆனால் இதற்கு மட்டும் குற்ற உணர்வு இருக்கிறது.]

4

யுஸ்டீனா, முப்பத்தொன்பது வயது. தலைமை இசைஞர் பால்தசார் வீர்ட்டின் தங்கை. அண்ணன் இயற்றுவதை எல்லாம் பிரதி எடுப்பவள். கோமகனின் பெண்களுக்குப் பாட்டு சொல்லித் தருபவள். டோபியாஸின் மூன்றாவது மகளுக்கு ஞானத்தாய்.

அவன் தாளை அங்கேயே ஜன்னலோரம் நின்று படித்தான். முதல் பக்கம் முடியும்போது முகம் மாறியது.

“என்னம்மா இது, மூணாவது பகுதி? எழுதும்போது உங்க அண்ணன் தூங்கிட்டாரா?”

“முழிச்சுக்கிட்டுத்தான் எழுதினார்.”

“பாதி தாள் காலியாக் கெடக்கு.”

“காலி இல்ல லென்க் ஐயா. அது உங்களுக்கு விட்ட எடம்.”

“எனக்கெதுக்கு எடம்? நான் என்ன குடித்தனமா வரப்போறேன்?”

“அந்த டிரெஸ்டன்காரரு பழகறதக் கேட்டேன். ரெண்டு சுரத்துக்கு நடுவுல ஒரு கோழிப்பண்ணையே வச்சுட்டாரு.”

டோபியாஸ் சிரித்தான். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொண்டான்.

“நீங்க என்ன வைக்கப்போறீங்க?” என்றாள்.

“எழுதினத.”

“மறுதடவையும்?”

“மறுதடவையும்தான். உங்க அண்ணன் ஒரு சுரத்த அங்க வச்சிருக்காருன்னா யோசிச்சு வச்சிருப்பாரு. அதுக்குப் பக்கத்துல போயி நான் ஏன் எச்சி துப்பணும்?”

“இது கோபுரம் இல்லய்யா. கூடம். இங்க எழுதினதையே ரெண்டு தடவ ஊதினா, ஐயோ பாவம், இந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியலம்பாங்க.”

“சொல்லட்டும்.”

“சொல்லிட்டு நாற்காலியக் கோழிப்பண்ணைக்குக் குடுத்துடுவாங்க.”

கீழே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் முடியும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

“நான் எழுதித் தரட்டுமா?” என்றாள் யுஸ்டீனா. “ரெண்டு பாதிக்கும். அரை மணி போதும் எனக்கு.”

“வேணாம்மா.”

“யாருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியும்ல? அடுத்தவர் செஞ்ச பல்ல மாட்டிக்கிட்டு நான் சிரிக்கமாட்டேன்.”

ஒரு மணி நேரம் முடிந்ததும் தாளை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனான். வைக்கும்போது ஓரங்களைச் சரிசெய்தான். மேசை அவனுடையது அல்ல, தாளும் அல்ல, ஆனாலும் சரிசெய்தான்.

5

இதுவரை எழுதியதை உல்ரிக்கேவிடம் சொன்னேன். உல்ரிக்கே நூலகத்தில் பழைய தாள்களைச் செப்பனிடுபவள். இந்த ஊரிலேயே பிறந்தவள். என்னை இன்னும் புது ஆளாகவே நினைப்பவள்.

“அப்புறம் அந்தப் பொம்பள திருட்டுத்தனமா எழுதி வச்சுடுவா, அதானே?” என்றாள்.

“ஆமா.”

“அவனக் காப்பாத்த.”

“ஆமா.”

“உன் கதையில பொம்பளைங்களுக்கு வேற வேலையே கெடையாதா?”

மூன்று நாள் எழுதவில்லை. அவள் சொன்னது சரி. யுஸ்டீனாவை ஒரு கைவிளக்காகச் செய்து டோபியாஸுக்கு முன்னால் நீட்டியிருக்கிறேன். நல்லவள், கெட்டிக்காரி, அரை மணியில் எழுதித் தருபவள். இப்படி ஒரு பெண் இருந்தால் அவளுக்கென்று என்ன வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை.

கேட்டேன். பதில் இப்படி வந்தது:

அந்த நாட்டில் அந்தக் காலத்தில் பெண்கள் குழல் ஊதுவதில்லை. உதடு குவியும், முகம் கோணும், பார்க்க நன்றாக இருக்காது என்பார்கள். யுஸ்டீனா பதினெட்டு வருடமாக அண்ணனின் வெற்றுச் சுரங்களைப் பிரதி எடுக்கிறாள். ஒவ்வொரு இடைவெளியிலும் என்ன வர வேண்டும் என்று அவளுக்குக் கேட்கிறது. பேனா அங்கே நிற்கும், எழுதாமல் நகரும். பிறகு கூடத்தில் யாரோ ஒருவர் வந்து அந்த இடைவெளியை மட்டமாக நிரப்புவார். அவள் கதவோரம் நின்று கேட்பாள். பதினெட்டு வருடம்.

ஆகவே அவள் எழுதுவது அவனைக் காப்பாற்ற அல்ல. ஒரே ஒரு தடவை அது சரியாக ஊதப்பட வேண்டும் என்பதற்காக. எதிலும் அளவு தவறாத ஒரு மனிதன் இன்று ஊதப்போகிறான். எழுதியதை அப்படியே ஊதுபவன். அவளுக்கு வேண்டியது அப்படிப்பட்ட ஆள்தான்.

இரண்டாம் பாதியை மட்டும் எழுதினாள். முதல் பாதியை அவனுக்கு விட்டாள். (“நேரம் போதவில்லை” என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அது அவள் மரியாதை.) பிரதி எடுக்கும் கறுப்பு மையைத் தொடவில்லை. அது அரண்மனையின் மை. வீட்டுக் கடிதங்களுக்கான பழுப்பு மையில் எழுதினாள். தன்னுடையது எது என்று தெரிய வேண்டும் அல்லவா.

இதைப் படித்துவிட்டு உல்ரிக்கே, “ம்” என்றாள். சாக்சனிக்காரர்களிடமிருந்து அதற்கு மேல் கிடைக்காது.

6

அந்தக் குழலைப் பற்றி ஒரு பத்தி. வேண்டாதவர் தாண்டிப் போகலாம். ஆனால் தாண்டினால் டோபியாஸை முட்டாள் என்று நினைத்துவிடுவீர்கள்.

அது மரக் குழல். ஆறு துளை, ஒரே ஒரு விசை. இன்றைய உலோகக் குழலில் எல்லாச் சுரமும் ஒரே சீராக ஒலிக்கும். மரக் குழலில் அப்படி இல்லை. சில சுரங்கள் வெயிலில் நிற்கும். சில நிழலில் நிற்கும். அவற்றை விரல்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துத்தான் பிடிக்க வேண்டும், பிடித்தாலும் முணுமுணுக்கும். நல்ல இயற்றுநர் இதைக் குறையாக எண்ணமாட்டார். எங்கே குரல் தழைய வேண்டுமோ அங்கே நிழல் சுரத்தை வைப்பார். வீர்ட் வைத்திருக்கிறார். மூன்றாம் பகுதியின் ஐந்தாவது தாளக் கட்டத்தில் கீழ்க்குரல் ஒரு படி இறங்க, மேலே குழல் ஒரே ஒரு மங்கலான சுரத்தில் நிற்கிறது. அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. அதைக் கெடுக்காமல் ஒரு மூச்சு நேரம் நிறுத்துவது எந்த ஓட்டத்தையும்விடக் கடினம்.

டோபியாஸ் அதைப் பார்த்திருந்தான். அதன் பக்கத்தில்தான் எச்சி துப்பமாட்டேன் என்றான்.

7

கூடம். மூன்று மணி. ஜன்னல்கள் திறந்திருந்தன. கோமகன் பேரிக்காய் தின்றுகொண்டிருந்தார். கோமகனின் மனைவி, இரண்டு பெண்கள், அரண்மனைக் காரியக்காரர், இருபது விருந்தினர். பியானோவின் மூதாதையான ஹார்ப்சிகார்டில் பால்தசார் வீர்ட். கதவோரம் யுஸ்டீனா.

டிரெஸ்டனிலிருந்து வந்த ஃப்ளோரியான் சைலர் முதலில் ஊதினார். நான் அவரைக் கேலி செய்து இரண்டு பக்கம் எழுதினேன், பிறகு கிழித்தேன். அவர் நன்றாக ஊதினார். விரல்கள் சுத்தம். மறுமுறையில் ஒவ்வொரு சுரத்தையும் பத்தாக உடைத்தார். பாட்டு எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருந்தது. ஆனால் தேடுவதில் ஒரு சுகமும் இருந்தது. கோமகன் தலையசைத்தார். விருந்தினர்களும் தலையசைத்தார்கள்.

டோபியாஸ் வந்து நின்றான்.

“கோபுரத்திலேந்து எறங்கிட்டீங்களா லென்க்?” என்றார் காரியக்காரர். “மூச்சு இருக்கா இன்னும்?”

“ஏறும்போதுதாங்க மூச்சு வாங்கும்.”

இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தி கோமகனின் மூத்த பெண்.

முதல் பகுதி நன்றாகப் போயிற்று. இரண்டாவது, வேகமான பகுதி, இன்னும் நன்றாக. சைலர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்றாவதில், முதல் பாதி, முதல் முறை: எழுதியபடி. ஐந்தாவது கட்டத்தில் அந்த மங்கலான சுரம் நின்றது. வீர்ட் தன் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் குழலைப் பார்த்தார்.

மறுமுறை: எழுதியபடி.

ஒரு சுரம்கூட, ஒரு நடுக்கம்கூட அவன் கூட்டவில்லை. விருந்தினர்களில் ஒருவர் செருமினார். கோமகனின் மனைவி கணவரிடம் ஏதோ சொன்னார். கோமகன் பேரிக்காயைத் தட்டில் வைத்தார். இது பொறுமை போனதற்கான அறிகுறி என்று அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பாதி முடிந்த இடத்தில் வீர்ட் கடைசிச் சுரங்களைக் கொஞ்சம் நீட்டினார். நீட்டியபடியே, உதடு அசையாமல்: “லென்க், ஒண்ணுமே வரலையேய்யா.”

“எழுதினது எல்லாம் வந்துச்சு மாஸ்டர்.”

“அடேய், நாற்காலி போயிடும்டா.”

டோபியாஸ் தாளைத் திருப்பினான்.

8

இங்கேதான் நிற்கிறேன். எட்டு மாதமாக.

தாளைத் திருப்பியதும் பழுப்பு மையைப் பார்த்தான். யார் கை என்று கேட்க வேண்டியதில்லை. அவன் மகளின் ஞானஸ்நானச் சீட்டில் அந்தக் கை இருக்கிறது. திருப்புவதற்கு ஆகும் நேரத்தைவிடச் சற்று அதிக நேரம் நின்றான். பிறகு இரண்டாம் பாதியை முதல் முறை ஊதினான், பழுப்பைத் தாண்டிக் கறுப்பை மட்டும், ஆற்றில் கல்லுக்குக் கல் கால் வைப்பவன் போல. அது விதிப்படி சரி. முதல் முறை வெற்றாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் தாண்டும்போது படித்துவிட்டான். படித்ததும் அவை எவ்வளவு நல்லவை என்று தெரிந்துவிட்டது. ஐந்தாவது கட்டத்துக்கு நிகரான இடத்தில் அவள் ஒன்றுமே எழுதவில்லை. அந்த நிழல் சுரத்தை அவளும் தொடவில்லை.

இன்னும் ஒரே ஒரு முறை பாக்கி.

அவன் எழுதியதை ஊதுபவன். இருபத்திரண்டு வருடம் அதுதான் அவன் கர்வம். தாளில் எழுதியிருக்கிறது. அடுத்தவர் அலங்காரத்தை ஊதமாட்டான் என்பதும் அவன் கர்வம். காலையில்தான் சொன்னான். இரண்டு கர்வமும் ஒரே தாளில், ஒன்றின் மேல் ஒன்று. கறுப்பை மட்டும் ஊதினால் எழுதியதில் பாதியை விட்டவன். பழுப்பையும் ஊதினால் அடுத்தவர் பல்லில் சிரித்தவன். அந்த நாற்காலி ஐந்தடி தூரத்தில், சிவப்பு மெத்தையோடு இருக்கிறது.

முடிவுகள்:

(அ) வெற்றாகவே ஊதுகிறான். கூடம் உறைந்துபோகிறது. கோமகன் கண் கலங்கி நாற்காலியைத் தருகிறார். எளிமை வென்றது. நம் காலத்துக்கு இந்த முடிவு பிடிக்கும். எனக்கும் பிடித்தது, ஒரு வாரம். ஆனால் அந்தக் கூடத்தில் யாருக்கும் பிடித்திருக்காது. இருநூற்றெண்பது வருடத்துக்குப் பிந்திய ரசனையை வைத்து அவனுக்கு வேலை வாங்கித் தருவது லஞ்சம். வெற்றாக ஊதினால் அவன் நெருப்புக் காவலுக்குப் போவான். போகட்டும் என்றால், அப்படியே எழுத வேண்டும்.

(ஆ) பழுப்பை ஊதுகிறான். பிசகாமல். வேறு யாராலும் அப்படி ஊதியிருக்க முடியாது. நாற்காலி கிடைக்கிறது. கதவோரம் யுஸ்டீனா கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். பாராட்டு அவனுக்கு. பிறகு பதினைந்து வருடம் அவன் அந்த நாற்காலியில் உட்காரும் ஒவ்வொரு மாலையும்—

(நான்கு பக்கம் எழுதினேன். முடிக்கவில்லை.)

(இ) இரண்டும் இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாகக் கூட்டி ஊதுகிறான். தன்னுடையதை. அது நன்றாக இருந்ததா? தெரியவில்லை.

உல்ரிக்கே (இ)யின் பக்கம். “பழுப்பு மை அப்புறமா எழுதினதா இருந்தா?” என்றாள். “அவன் ஊதினான். அவ கேட்டா. விட மனசில்ல. ஓடிப்போயி எழுதி வச்சுட்டா. அவன் வாசிச்சத.”

“அப்படின்னா அவன் திருப்பினப்ப அந்தப் பக்கம் கறுப்பு மட்டும் இருந்திருக்கணும். என் கதையே போச்சு.”

“போகட்டுமே.”

“மையப் பாத்துச் சொல்ல முடியாதா, முன்னயா பின்னயான்னு?”

“சில மணி நேர வித்தியாசத்த எந்த மையும் சொல்லாதுப்பா.”

9

போன வெள்ளிக்கிழமை உல்ரிக்கே வந்து என் மேசையில் உட்கார்ந்தாள். கதை நடப்பதாக நான் கற்பனை செய்த அதே அரண்மனையில் ஒரு நியமனப் பதிவேடும் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். எட்டு மாதமாக அந்த அலமாரிப் பக்கம் ஈரப்பதம் மட்டும் அளந்துவிட்டு வருகிறேன்.

“பாத்துட்டேன்,” என்றாள்.

“சொல்லாத.”

“1741, செப்டம்பர். குழல்காரர் நாற்காலி. பேரு எழுதியிருக்கு.”

“உல்ரிக்கே, சொல்லாத.”

“பயமா?”

பயம் இல்லை. என் டோபியாஸும் அந்தப் பதிவேட்டில் இருப்பவரும் வேறு ஆட்கள். அப்படியே ஒன்றானாலும், நாற்காலியில் யார் உட்கார்ந்தார் என்பதை அது சொல்லும். அந்த மறுமுறையில் எது ஊதப்பட்டது என்பதைச் சொல்லாது. வென்றவனாக இருந்தால் எதை விற்று வென்றான்? தோற்றவனாக இருந்தால் எதை வைத்துக்கொண்டு தோற்றான்? பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

“திமிரு புடிச்ச ஆளு நீ,” என்றாள் உல்ரிக்கே. எழுந்து போகும்போது சொன்னாள்: “நான் பொறந்த ஊர்க்கதை இது. முடிக்காம விட்டா நானே முடிச்சுடுவேன், பாத்துக்க.”

முடிக்கட்டும். அவளுக்கு உரிமை உண்டு.

10

மூன்று முடிவையும் என்னால் எழுத முடியும். அதை அடக்கமாகச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஒன்றைக்கூட எழுதமாட்டேன். எதை எழுதினாலும் அந்த ஒரு மூச்சை அவனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதாகும்.

இதுவரை நடந்தது இதுதான். வீர்ட் இரண்டாம் பாதியின் முதல் சுரத்துக்குத் திரும்பி வந்துவிட்டார். இடது கை கீழ்க்குரலை அழுத்திவிட்டது. கோமகன் தட்டைத் தள்ளி வைக்கிறார். சைலர் முன்னால் சாய்கிறார். கதவோரம் ஒருத்தி மூச்சை நிறுத்தியிருக்கிறாள். டோபியாஸ் லென்க் குழலை உதட்டில் வைத்துவிட்டான், மூச்சை இழுத்துவிட்டான். அதை விட்டாக வேண்டும்.

மீதி உங்களுடையது. கறுப்போ, பழுப்போ, தாளில் இல்லாததோ. நாற்காலியை அவனுக்குக் கொடுப்பதும் பறிப்பதும் உங்கள் விருப்பம். ஒன்று மட்டும் மாற்றக் கூடாது: எதை ஊதினாலும் அவன் தலை நிமிர்ந்தே இருக்கட்டும். அந்தக் குழலை அப்படித்தான் ஊத முடியும். முகம் தாழ்ந்தால் உதடு துளையை மூடிவிடும், சுரம் இறங்கிப்போகும்.